டிஸ்சார்ஜ் சீட்டோட கடைசி வரி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

வருஷா வருஷம் பிப்ரவரி 4 வந்தா உங்க பேப்பர்ல கேன்சர் பத்தி ஒரு முழுப் பக்கம் வருது, நானும் விடாம படிக்கிறேன், எங்க அங்கன்வாடிக்கு வர்ற தாய்மாருக்கு வாசிச்சும் காட்டிருக்கேன். ஆரம்பத்துலயே கண்டுபுடிச்சா குணமாக்கிரலாம், பொயில போடாதீங்க, வாய்ல ஆறாத புண் இருந்தா உடனே காட்டுங்க, எல்லாம் சரிதான், எல்லாமே வேணும். ஆனா ஆரம்பத்துல கண்டுபுடிக்காம விட்டவங்க, வைத்தியம் முழுசா பாத்தும் திரும்ப வந்துட்டவங்க, அவங்க என்ன பண்ணணும், யார்கிட்ட போகணும்னு ஒரு வரி கூட அதுல இருக்கறதில்ல ஐயா. அந்த வீடுகள்ல என்ன நடக்குதுன்னு யாரும் எழுதறதில்ல. எங்க வீட்ல நடந்துச்சு, அதனால நானே எழுதறேன், நீளமாப் போயிரும், ஆனா தயவுசெஞ்சு வெட்டாமப் போடுங்க.

எங்க அண்ணனுக்கு 56 வயசு. சங்கரன்கோவில் பக்கம், விசைத்தறி ஓட்டுறவன். ராத்திரி ஷிப்டுல தூக்கம் வராம இருக்க பதினெட்டு வயசுலேர்ந்து வெத்தல பொயில போட்டுப் பழகிட்டான். வலது கன்னத்துக்கு உள்ள புண்ணு வந்து, அது பல்லு குத்துன புண்ணுன்னு நாலு மாசம் கைவைத்தியம் பாத்து, அப்புறம்தான் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆபரேஷன் ஆச்சு, ஆறு வாரத்துக்கு மேல கரண்டு வச்சாங்க, அதான் கதிர்வீச்சு வைத்தியம், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல பெரிய செலவெல்லாம் கழிஞ்சுது, அதுக்கு நன்றி. ஏழு மாசத்துல திரும்ப வந்துருச்சு. இந்தத் தடவ கழுத்துக்கும் எறங்கிருச்சு, கன்னம் வெளிப்பக்கம் ஓட்டை விழுந்துருச்சு.

போன வருஷம் ஜூன் மாசம் அங்க கடைசியா கூட்டிட்டுப் போனப்ப, டாக்டர் எங்க மதினியையும் பையனையும் மட்டும் வெளிய வராண்டாவுக்குக் கூப்பிட்டு, "இனிமே பண்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லாப் பாத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டாரு. ரெண்டு நிமிஷம் கூட ஆகல. நான் அந்த டாக்டரைக் குத்தம் சொல்ல வரல, அவருக்குப் பின்னாடி நூறு பேரு லைன்ல நிக்காங்க, ஆனா அந்த வார்த்தை இருக்கே, அது எவ்வளவு பெரிய தப்பான வார்த்தைன்னு எனக்கு ஒரு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சுது.

டிஸ்சார்ஜ் சீட்டு ஒண்ணு குடுத்தாங்க, மூணு பக்கம், பூராவும் இங்கிலீஷ். கடைசி வரில "அட்வைஸ்டு பாலியேட்டிவ் கேர்"னு அச்சடிச்சிருந்துச்சு. பதினோராவது படிக்கிற பையன் எழுத்துக்கூட்டி வாசிச்சான், மதினி அது ஏதோ மாத்திரை பேருன்னு நெனச்சு மெடிக்கல் ஷாப்ல போயி அந்த சீட்ட நீட்டிருக்கா. கடைக்காரன் அப்படி ஒரு மாத்திரை இல்லையேக்கான்னு சொல்லி வலி மாத்திரை ஒரு அட்டை குடுத்து அனுப்பிட்டான். அத்தோட முடிஞ்சுது. எங்களுக்கு என்ன வேணுமோ அது அந்த சீட்டுல இருந்துச்சு ஐயா, எங்க கைக்குள்ளயே இருந்துச்சு, யாரும் எங்களுக்கு வாசிச்சுச் சொல்லல.

அதுக்கப்புறம் 26 நாள். அந்த 26 நாளப் பத்தி எழுதறதுக்கு எனக்கு இன்னும் கை வர மாட்டேங்குது, ஆனா எழுதித்தான் ஆகணும். வலி மாத்திரை ஒரு நாளைக்கு ஆறு ஏழுன்னு போட்டும் கேக்கல. ராத்திரி ஆனா கம்பவுண்டர் ஒருத்தர் வந்து ஒரு ஊசி போடுவாரு, 200 ரூபாய், ரெண்டு மணி நேரம் தாங்கும், அப்புறம் மறுபடி ஆரம்பிச்சிரும். மதினியோட தோடு அடகுக்குப் போனது அந்த ஊசிக்குத்தான். படுக்க முடியாது, உக்கார முடியாது, தரையில முழங்கால் போட்டு தலைய சுவத்துல முட்டிக்கிட்டே இருப்பான். தெருவுக்குச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு அவனே பையனைக் கூப்பிட்டு தறிய ஓட்டச் சொல்லி சைகை காட்டுவான். ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தப் பையன் பாவு கூட சரியா இல்லாம வெறும் சத்தத்துக்காக தறிய ஓட்டிக்கிட்டு, கண்ணுல தண்ணி வழிய நிப்பான், நான் பாத்தேன். தெருவுல எல்லாரும் என்ன நெனச்சாங்க தெரியுமா, அப்பனுக்கு இப்படி இருக்கு, பிள்ளை ராத்திரியும் சம்பாதிக்கிறான்னு.

வலி ஒரு பக்கம்னா வாடை ஒரு பக்கம். புண்ணுலேர்ந்து வர்ற வாடைக்கு வீட்ல சாம்பிராணி, ஊதுபத்தி, வேப்பிலை எல்லாம் போட்டுப் பாத்தாச்சு. மக வயித்துப் பேத்தி, மூணு வயசு, தாத்தா தாத்தான்னு மடியிலயே கெடந்த புள்ள, வாசல்லயே நின்னுட்டு உள்ள வர மாட்டேன்னு அழுதுச்சு. அன்னைலேர்ந்து அவன் மூஞ்சிய துண்டு போட்டு மூடிக்கிட்டு தறிக்கூடத்துல போயி படுத்துக்கிட்டான். எங்க அம்மா கோயில் புத்துமண்ணைக் கொண்டாந்து புண்ணுல அப்பிவிட்டா, எங்க ஊர்ப்பக்கம் எந்தப் புண்ணுக்கும் அதான் முதல் மருந்து, கோமதி அம்மாள் பாத்துக்குவான்னு நம்பிக்கை. ஒரு நாள் நான் போனப்ப அண்ணன் என் கையப் புடிச்சுக்கிட்டு, வாய் சரியா வராது, கொழறிக் கொழறி, "ஏட்டி, ஏதாவது குடுத்து என்னை அனுப்பிரு தாயி"ன்னான். கூடப் பொறந்த தங்கச்சிகிட்ட ஒரு அண்ணன் கேக்குற வார்த்தையா ஐயா அது. அவன் சாவ கேக்கல, வலி நிக்கணும்னு கேட்டான், அது ரெண்டும் வேற வேறன்னு எனக்கு அப்ப தெரியல.

எங்களுக்கு வழி கெடச்சது தற்செயலாத்தான். எங்க அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை குடுக்க மக்களைத் தேடி மருத்துவத்துலேர்ந்து மாசா மாசம் ஒரு அக்கா வருவாங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச திட்டம், சுகருக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே மாத்திரை வரும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அதே திட்டத்துல படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சைன்னு ஒண்ணு இருக்கு, நோயக் குணமாக்க முடியாட்டியும் வலியையும் வேதனையையும் குறைக்கற வைத்தியம், சீட்டுல இருந்த பாலியேட்டிவ் கேர் அதுதான், அதுக்குன்னு பயிற்சி எடுத்த நர்ஸ் வட்டாரத்துக்கு ஒருத்தர் வீட்டுக்கு வருவாங்கன்னு, அங்கன்வாடில வேலை பாக்குற எனக்கே தெரியாது. அந்த அக்கா அம்மாவுக்கு பிரஷர் பாத்துக்கிட்டு இருக்கும்போது தறிக்கூடத்துலேர்ந்து முனகல் கேட்டு, உள்ள எட்டிப் பாத்துட்டு, வெளிய வந்து போன் பண்ணுச்சு. மூணாவது நாள் நர்ஸ் வந்தாங்க.

அந்தப் பொண்ணுக்கு முப்பது வயசு இருக்கும். வந்ததும் மூக்கைப் பொத்தல, எங்களைப் பாத்து எதுவும் கேக்கல, நேரா அண்ணன்கிட்ட போயி கட்டில் ஓரத்துல உக்காந்து, "அண்ணாச்சி, உங்க வலிக்குப் பத்துக்கு எத்தன மார்க் போடுவீங்க, பத்துன்னா தாங்கவே முடியாதது"ன்னு கேட்டுச்சு. அண்ணன் ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினான். இத்தன மாசமா ஸ்கேன்ல கட்டி எத்தன சென்டிமீட்டர்னு அளந்தாங்க, அவன் வலி எத்தனன்னு அன்னைக்குத்தான் ஒருத்தர் அளந்தாங்க.

அப்புறம் புண்ணைப் பாத்தாங்க. புழு வச்சிருந்துச்சு ஐயா, எங்களுக்குத் தெரியாது, நாங்க துணியப் போட்டு மூடித்தான வச்சிருந்தோம். ஒரு மணி நேரம் உக்காந்து ஒண்ணொண்ணா எடுத்துச்சு அந்தப் பொண்ணு. உப்புப் போட்டுக் கொதிக்க வச்சு ஆறின தண்ணில கழுவக் கத்துக் குடுத்துச்சு, மெட்ரோனிடசோல்னு ஒரு மாத்திரை, வயித்துப்போக்குக்கு நம்ம எல்லாரும் சாப்பிட்டிருப்போம், அத நல்லாப் பொடி பண்ணி புண்ணு மேல தூவச் சொன்னாங்க. நாலே நாள்ல வாடை போயிருச்சு. சாம்பிராணிக்கும் ஊதுபத்திக்கும் போகாத வாடை ஒரு சாதாரண மாத்திரைப் பொடிக்குப் போச்சு. அம்மா புத்துமண்ணு போட்டதுக்குத் திட்டல, "பாட்டி, அம்மன் மண்ண நெத்தியில பூசுங்க, புண்ணுல வேண்டாம், புண்ணு எங்க பொறுப்பு"ன்னு சொல்லிட்டுப் போச்சு. அம்மா கடைசி நாள் வரைக்கும் தெனமும் நெத்தியில பூசினா.

வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதணும், அத டாக்டர்தான் எழுதணும்னு சொன்னாங்க. இங்கதான் நான் கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா நம்ம சனங்க நெறைய பேருக்கு இந்த மருந்து பேரே தெரியாது, தெரிஞ்சவங்களுக்கு பயம்.

பக்கத்துல உள்ள ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன், அங்க ஸ்டாக் இல்ல, எப்ப வரும்னு தெரியாதுன்னாங்க. பிரைவேட் மெடிக்கல் நாலு ஏறி எறங்கினேன், பேரச் சொன்னதும் நான் ஏதோ கஞ்சா கேட்ட மாதிரி பாத்தாங்க. கடைசில ரெண்டு மணி நேரம் பஸ்ல போயி இன்னொரு ஆஸ்பத்திரில வாங்கினேன், அண்ணனோட எல்லா பேப்பரையும் பாத்து, கையெழுத்து வாங்கி, எண்ணிக் குடுத்தாங்க. கணக்கு வச்சுக் குடுக்கறது சரிதான், அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா வெறும் மாத்திரை ஐயா, வாய்ல போடற மாத்திரை, விலையும் சொல்பம். அண்ணனுக்கு மூக்கு வழியா டியூப் போட்டிருந்ததால பொடி பண்ணி தண்ணில கரைச்சு டியூப்ல விட்டோம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ, வலி வந்தப்புறம் இல்ல, வலி வர்றதுக்கு முன்னாடி, கடிகாரத்தப் பாத்து. கூடவே மலச்சிக்கலுக்கு ஒரு மாத்திரை, அது கட்டாயம், ஏன்னா மார்ஃபின் மலத்தைக் கட்டிரும். முத ரெண்டு மூணு நாள் கொஞ்சம் கெறக்கமா இருந்தான், அப்புறம் தெளிஞ்சிட்டான். அளவு டாக்டர் பாத்துப் பாத்துக் கூட்டுனாங்க. அஞ்சாவது நாள் நர்ஸ் வந்து மார்க் கேட்டப்ப மூணு விரல் காட்டினான்.

அன்னைக்கு ராத்திரி எங்க வீட்ல தறி ஓடல.

போதை மாத்திரை குடுக்காதீங்க, பழகிரும், சீக்கிரம் போயிருவான்னு சொந்தத்துல நெறைய பேரு சொன்னாங்க. டாக்டர் சொன்னது இதுதான்: கேன்சர் வலிக்கு டாக்டர் பார்வையில முறையா வாயால குடுக்கும்போது அடிமையாகறது ரொம்ப அபூர்வம், இது உயிரைக் குறைக்காது, வலியால தூங்காம சாப்பிடாம கெடக்குற மனுசனுக்கு இது ஓய்வு குடுக்கும். நான் கண்ணால பாத்தேன், பாத்தத எழுதறேன்.

ஏன் இந்த மாத்திரை இவ்வளவு கஷ்டம்னு அண்ணன் போனப்புறம் உக்காந்து தேடித் தேடிப் படிச்சேன். நம்ம நாட்டுல மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேசத்துல அரசாங்கமே லைசென்ஸ் குடுத்து கசகசா செடி பயிரிட வைக்குது, அதுலேர்ந்து எடுக்கற அபினை காஜிப்பூர்லயும் நீமச்லயும் அரசாங்க ஆலைகள்ல பதப்படுத்துறாங்க, மருந்துக்குன்னு வெளிநாட்டுக்கும் போகுது. அந்தச் செடியிலேர்ந்துதான் மார்ஃபின். நம்ம மண்ணுல வெளையற மருந்து, நம்ம ஊரு தாலுகா ஆஸ்பத்திரில இல்ல. 1985ல போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தப்புறம் அத ஒரு ஆஸ்பத்திரி வாங்கி வைக்கணும்னா நாலஞ்சு லைசென்ஸ் வேணும்னு ஆகி, நமக்கெதுக்கு வம்புன்னு டாக்டர்களும் கடைக்காரங்களும் விட்டுட்டாங்க. ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்ஃபின் மாத்திரையத் தொடாமலே படிச்சு வந்துட்டாங்க. 2014ல சட்டத்தத் திருத்தி, அங்கீகாரம் வாங்கின ஆஸ்பத்திரி மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தோட ஒரே அனுமதியில வச்சுக்கலாம்னு எளிசாக்கிட்டாங்க. அதுக்காகப் பல வருஷம் போராடினவங்கள்ல முக்கியமானவரு கேரளா டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், பத்மஸ்ரீ வாங்கினவரு. சட்டம் மாறிருச்சு, பயம் மாறல.

வலி நின்னதும் என்ன ஆச்சுன்னா, எங்க அண்ணன் மறுபடி எங்க அண்ணனா ஆயிட்டான். இத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. 26 நாளா அவன் வெறும் வலியா இருந்தான், இப்ப மனுசனா ஆனான். பேத்தி வந்து பக்கத்துல உக்காந்துச்சு. முடி வெட்டிக்கணும்னான், கடைக்காரர் வீட்டுக்கே வந்து வெட்டிவிட்டாரு. ஆடித்தபசு அன்னைக்கு கோயிலுக்குப் போக முடியல, மாடியில சேர் போட்டு உக்கார வச்சோம், ரோட்டுல தபசு பாக்கப் போற கூட்டத்தப் பாத்துக்கிட்டே இருந்தான், தெரிஞ்சவங்க கீழேர்ந்து கையெடுத்துக் கும்பிட்டுப் போனாங்க.

இன்னொண்ணு. அவனுக்கு விஷயம் தெரியக் கூடாதுன்னு நாங்க எல்லாரும் கட்டுப்பாடா இருந்தோம், புண்ணு ஆறிரும், தை மாசம் மறுபடி தறியில உக்காருவன்னு சொல்லிக்கிட்டே இருந்தோம். நர்ஸ் எங்ககிட்ட, நானா எதுவும் சொல்ல மாட்டேன், அவர் கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்னு தெளிவாச் சொல்லிட்டாங்க. ஒரு நாள் அண்ணன்கிட்ட, "அண்ணாச்சி, உங்க உடம்பப் பத்தி நீங்க என்ன நெனச்சுக்கிட்டு இருக்கீங்க"ன்னு மட்டும் கேட்டாங்க. அவன் தறிக்கணக்கு நோட்ட எடுத்து எழுதினான், "எனக்குத் தெரியும். இவங்க அழுவாங்கன்னுதான் தெரியாத மாதிரி இருக்கேன்." மதினி அதப் படிச்சிட்டு அவன் கால்மாட்டுல உக்காந்து அழுதா, அவனும் அழுதான், கல்யாணமாகி 29 வருஷத்துல அவங்க ரெண்டு பேரும் சேந்து அழுது நான் பாத்ததில்ல. அதுக்கப்புறம்தான் வீட்ல பேச்சே பேச்சா இருந்துச்சு. அதே நோட்டுல யாருக்கு எவ்வளவு குடுக்கணும், யார்கிட்டேர்ந்து வரணும், ஒரு தறிய வித்து கடன அடைக்கணும், பையன் தறிக்கு வரக் கூடாது, ஐடிஐ சேரணும்னு எல்லாம் எழுதி வச்சான். நாங்க மறைச்சே வச்சிருந்தா அந்த நோட்டு எங்களுக்குக் கெடச்சிருக்குமா.

லண்டன்ல சிசிலி சாண்டர்ஸ்னு ஒரு அம்மா, முதல்ல நர்ஸா இருந்து, அப்புறம் சமூகப் பணி பாத்து, அதுக்கப்புறம் டாக்டருக்குப் படிச்சு, 1967ல செயின்ட் கிறிஸ்டோபர்ஸ்னு ஒரு ஹாஸ்பிஸ், அதாவது கடைசிக் காலத்துல இருக்கற நோயாளிகளப் பாத்துக்கற இடம், தொடங்கினவங்க, அவங்கதான் முழு வலின்னு ஒரு விஷயத்தச் சொன்னாங்க. உடம்பு வலி, மனசு வலி, கடன் வலி, நாம போயிட்டா இவங்க என்ன ஆவாங்கங்கற வலி, சாமி ஏன் இப்படிப் பண்ணிட்டாருங்கற வலி, எல்லாம் சேந்துதான் ஒருத்தனுக்கு வலிக்குது. ஒரு தறிக்காரனுக்கும் அப்படியேதான் வலிச்சுது. கடன் கணக்கு எழுதி முடிச்ச வாரம் மாத்திரை அளவு கூட்டவே வேண்டியிருக்கல, நர்ஸ் அத எதிர்பாத்த மாதிரி தலையாட்டுனாங்க.

கடைசி பத்து நாள் பத்தியும் சொல்லிர்றேன், ஏன்னா நெறைய வீடுகள்ல அங்கதான் தடுமாறிப் போறாங்க. டியூப்ல விடற கஞ்சி குறைஞ்சுது, வெளிய வர ஆரம்பிச்சுது. பட்டினி போட்டுக் கொல்றாங்கன்னு ஒரு சித்தப்பா வாசல்ல நின்னு சத்தம் போட்டாரு, குளுக்கோஸ் ஏத்தச் சொன்னாரு. நர்ஸ் பொறுமையா உக்காந்து விளக்குனாங்க, உடம்பு அடங்கற நேரத்துல அதுக்குப் பசி இருக்காது, ஏத்துற தண்ணி நெஞ்சுல சளியாச் சேரும், கை கால் வீங்கும், நாக்கு காயாம நனைச்சு விடுங்க அது போதும்னு. பஞ்ச நனைச்சு உதட்டத் தொடச்சு விட்டோம். பெரிய ஆஸ்பத்திரில ஐசியூல போடலாம், வெண்டிலேட்டர் வைக்கலாம்னும் சிலர் சொன்னாங்க. அண்ணன் நோட்டுல முன்னாடியே எழுதியிருந்தான், "எங்கயும் தூக்கிட்டுப் போகாதீங்க." இப்படி ஒருத்தர் முன்கூட்டியே எழுதி வைக்கறதுக்கு சட்டப்படியே வழி இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, 2018 மார்ச்ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு குடுத்திருக்கு, 2023 ஜனவரில நடைமுறைய எளிசாக்கி, ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்துப் போட்டு, நோட்டரியோ கெஜட்டட் ஆபீசரோ சான்று குடுத்தாலே போதும்னு பண்ணியிருக்கு. நாங்க அதெல்லாம் பண்ணல, எங்களுக்கு நோட்டு எழுத்தே போதுமானதா இருந்துச்சு.

தொண்டையில கரகரன்னு இழுக்க ஆரம்பிச்சப்ப நாங்க பயந்துரல, இப்படி ஒரு சத்தம் வரும், அவருக்கு அது கஷ்டமா இருக்காது, ஒருக்களிச்சுப் படுக்க வைங்கன்னு ரெண்டு நாள் முன்னாடியே நர்ஸ் சொல்லி வச்சிருந்தாங்க. மதினி மடியில தலை, என் கையில கால். விடியக்காலைல போனான். நர்ஸ் வந்த நாள்லேர்ந்து கணக்குப் பண்ணா 71 நாள். அந்த 26 நாளும் இந்த 71 நாளும் ஒரே நோய்தான் ஐயா, ஒரே வீடுதான், ஒரே மனுசன்தான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த நர்ஸ் வந்துச்சு, சாப்பிட வரல, மதினி தூங்குறாளா சாப்பிடுறாளான்னு கேக்க வந்துச்சு. பையன்கிட்ட தனியா கொஞ்ச நேரம் பேசிட்டுப் போச்சு.

எங்களுக்கு செங்கோட்டை தாண்டினா கேரளா. அங்க 1993ல கோழிக்கோட்டுல ராஜகோபால் டாக்டரும் சுரேஷ்குமார் டாக்டரும் சேந்து ஒரு சின்ன இடத்துல ஆரம்பிச்சது, அப்புறம் ஊர்க்காரங்க, காலேஜ் புள்ளைங்க, ஆட்டோக்காரங்கன்னு சாதாரண சனங்களே பயிற்சி எடுத்து வீடு வீடாப் போயிப் பாக்குற அளவுக்கு வளந்து, 2008ல அரசாங்கமே இதுக்குன்னு தனிக் கொள்கை கொண்டாந்து பஞ்சாயத்து மூலமா நர்ஸ் வீட்டுக்கு வர்ற மாதிரி பண்ணிட்டாங்க. அங்க கட்டிக் குடுத்த எங்க சொந்தக்காரப் பொண்ணு சொல்றா, அவ மாமியார் பக்கவாதத்துல படுத்தப்ப பஞ்சாயத்து நர்ஸ் வந்தது அங்க ஒரு பெரிய சேதியே இல்ல, போஸ்ட்மேன் வர்ற மாதிரியாம். உலகம் பூரா வருஷத்துக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்தச் சிகிச்சை வேணும், நூத்துக்கு 14 பேருக்குத்தான் கெடைக்குதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மலைக்கு அந்தப் பக்கம் நடக்கறது இந்தப் பக்கம் நடக்காதுன்னு நான் நம்ப மாட்டேன், நம்மகிட்டயும் திட்டம் இருக்கு, நர்ஸ் இருக்காங்க, எங்க வீட்டுக்கே வந்தாங்களே. ஆனா ஒரு வட்டாரம்னா எத்தன ஊரு, எத்தன படுக்கை, பக்கவாதம், கிட்னி போனவங்க, முதுகெலும்பு அடிபட்டவங்க, வயசாகி நெனவு தப்பினவங்க, எல்லாத்துக்கும் ஒரே ஒரு பொண்ணு எப்படி ஓடும். ஆளக் கூட்டணும். தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் மார்ஃபின் மாத்திரை தீராம இருக்கணும்.

அதெல்லாம் அரசாங்கம் பணம் ஒதுக்கி, ஆளு எடுத்து பண்ண வேண்டியது, நாளாகும், எனக்குப் புரியுது. ஆனா நாளைக்கே பண்ணக்கூடியது ஒண்ணு இருக்கு, அதக் கேக்கத்தான் இந்தக் கடுதாசி. அரசு ஆஸ்பத்திரியோ பிரைவேட்டோ, எந்த ஆஸ்பத்திரி ஒரு நோயாளிய இனிமே வீட்ல பாத்துக்கோங்கன்னு அனுப்பினாலும், டிஸ்சார்ஜ் சீட்டோட கடைசி வரிய தமிழ்ல எழுதணும். உங்க வீட்டுக்கு நோய் ஆதரவு நர்ஸ் வருவாங்க, அவங்க போன் நம்பர் இது, வலிக்கான மாத்திரை இந்த ஆஸ்பத்திரில கெடைக்கும்னு. அதே நாள் அந்த நர்ஸுக்கும் ஆஸ்பத்திரிலேர்ந்து ஒரு தகவல் போகணும், எத்தன மெசேஜ் அனுப்புறோம், அதுல ஒண்ணு. டாக்டர் ஐயாமாரே, ஒண்ணும் பண்ண முடியாதுன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க. குணப்படுத்த முடியாதுன்னு சொல்லுங்க, அது உண்மை, தாங்கிக்கிறோம். ஒண்ணும் பண்ண முடியாதுங்கறது உண்மையில்ல, எங்க வீட்ல ஒரு நர்ஸ் எவ்வளவு பண்ணுச்சுன்னு மேல எழுதிருக்கேன்.

அண்ணனுக்குக் குடுத்திருந்த காத்து மெத்தையத் திருப்பிக் குடுத்தோம், மிஞ்சின மாத்திரையும் எண்ணி ஒப்படைச்சோம். அந்த மெத்தை இப்ப ரெண்டு ஊரு தள்ளி ஒரு வீட்ல இருக்கு. மதினிதான் நர்ஸு கூடப் போயி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ எப்படிப் புரட்டிப் படுக்க வைக்கணும்னு அந்த வீட்டுக்காரம்மாவுக்குச் சொல்லிக் குடுத்துட்டு வந்தா, இப்ப வாரத்துக்கு ஒரு நாள் போறா. போன வாரம் அங்கேர்ந்து அந்த வீட்டுக்காரரோட டிஸ்சார்ஜ் சீட்ட போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பியிருந்தா, கடைசி வரியப் பாருன்னு. வேற ஆஸ்பத்திரி, அதே இங்கிலீஷ் வரி, கீழ நம்பர் எதுவும் இல்ல. அந்த வீட்லயும் பதினெட்டு நாள் ஒருத்தருக்கும் என்னன்னு தெரியல.

இப்படிக்கு,
ஒரு அங்கன்வாடி பணியாளர்,
தென்காசி மாவட்டம்.

(பேர் போட வேண்டாம் ஐயா, ஊர மட்டும் போடுங்க.)